பதினான்கு படங்களும் ஒரே அளவில்

மலர்க்கொடி அந்தச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. செங்கழனி வாய்க்கால் பாசன விவசாயிகள் சங்கம் என்று பெயர். திருவாரூரில் ஒரு உரக்கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறைகள். அந்த வாய்க்காலில் தண்ணீர் பாயும் பதினான்கு ஊர்களுக்கும் அதுதான் அலுவலகம். ஒவ்வொரு ஊர் மதகுக்குப் பக்கத்திலும் சென்டிமீட்டர் கோடு போட்ட அளவுக்கல் ஒன்று நட்டிருந்தது. காலை ஏழு மணிக்கு ஊர்க்காரர் ஒருவர் போய், தண்ணீர் எந்தக் கோடு வரை நிற்கிறது என்று பார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அதை எக்செல்லில் ஏற்றி, ஊருக்கு ஒரு கோட்டுப் படமாகப் போட்டு, பாசனப் பொறியாளரோடு நடக்கும் கூட்டத்துக்குத் தயார் செய்வது மலர்க்கொடியின் வேலை.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் வயலில் நடவு நட்டும் கதிர் அறுத்தும் அவளைப் படிக்க வைத்தவர்கள். கல்லூரி முடிக்கும்வரை அவள் கணினியைத் தொட்டதில்லை. சங்கத்தில் யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய கணினியில், தப்புத் தப்பாக அழுத்தி, அழித்து, மறுபடி அழுத்தித்தான் கற்றுக்கொண்டாள். சொல்லித்தர ஆள் கிடையாது. அதனாலேயே அவளுக்குத் தெரிந்த ஒவ்வொன்றும் அவளுடைய சொந்தச் சொத்து மாதிரி அவளுக்குத் தோன்றும்.

சங்கத் தலைவர் துரைக்கண்ணு எழுபதைத் தொட்ட விவசாயி. கூட்டத்துக்குக் கிளம்பும் முன் மாடிப்படியில் நின்று, "மலரு, படத்த எடுத்துக்கிட்டியா?" என்று கேட்பார். வேறு யாரிடமும் கேட்கமாட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே மலர்க்கொடி கூட்டத்தன்று நல்ல புடவை கட்டிக்கொண்டு வருவாள்.

போன வருடம்தான் அது கெட்டது. புதிதாக வந்திருந்த பொறியாளர் அவள் கொடுத்த தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, ஒரு படம் கதவு மாதிரி இருக்கு, ஒரு படம் தீப்பெட்டி மாதிரி இருக்கு. ஒழுங்கா ஒரே சைஸ்ல போட ஆள் இல்லையா உங்ககிட்ட?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். துரைக்கண்ணு சிரிக்கவில்லை, ஆனால் அவர் முகம் சிறுத்துப் போனதை மலர்க்கொடி பார்த்தாள். அவளுக்குப் பதில் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. கூட்டம் முடிந்து கீழே இறங்கும்போது, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார் அவர்.

அடுத்த வருடம் கனிமொழி வந்தாள்.

இருபத்து நான்கு வயது. புள்ளியியல் படித்தவள். அப்பா பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். தன் மடிக்கணினியைத் தானே கொண்டுவந்து ஜன்னலோர மேசையில் வைத்தாள். வந்த முதல் வாரமே பதினான்கு ஊர் ஆட்களின் பெயரும் அவளுக்கு மனப்பாடம். துரைக்கண்ணு அவளைப் "பாப்பா" என்று கூப்பிட ஆரம்பித்தார். ஒருநாள் காலையிலிருந்து மதியம்வரை அவர் எத்தனை தடவை அப்படிக் கூப்பிடுகிறார் என்று மலர்க்கொடி எண்ணினாள். ஒன்பது. "மலரு" என்றது ஒரே தடவை. அதுவும் விசிறியின் சுவிட்சைப் போடச் சொல்லி.

கீழக்கொல்லை வேம்பு வந்தபோது அது இன்னும் ஆழமாகத் தைத்தது. வேம்பு கடைமடை ஊர்க்காரி. வாய்க்கால் முடிகிற இடத்தில் ஐந்து மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறவள். அந்த ஊர் அளவுக்கல்லைப் பார்த்து எண் அனுப்புகிறவளும் அவள்தான். டவுனுக்கு வந்தால் மலர்க்கொடிக்கு ஒரு பையில் கெண்டையோ கெளுத்தியோ கொண்டுவருவாள். அன்றைக்கும் பை கொண்டுவந்தாள். கொண்டுவந்து ஜன்னலோர மேசையில் வைத்தாள்.

"புதுசா வந்த பொண்ணு, நம்ம ஊரு மீனைத் தின்னு பாக்கட்டும். உனக்கு அடுத்த தடவ கொண்டாரேன் மலரு" என்றாள்.

"எனக்கெதுக்கு, நான் தின்னாததா?" என்று மலர்க்கொடி சிரித்தாள். சிரித்த வாய் வலித்தது.

அந்த வருடம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. அணையிலும் தண்ணீர் குறைவு. மார்கழி பாதியில், பயிர் கதிர் தள்ளுகிற நேரத்தில், இனி வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள் என்று ஆனது. எந்த ஊர்ப் பக்கம் எத்தனை நாள் என்பதைப் பொறியாளர் கூட்டத்தில் முடிவு செய்வார். வழக்கமாகக் கடைமடை மூன்று ஊர்களுக்கு மூன்று நாள் கூடுதலாகக் கிடைக்கும். வாய்க்கால் தொடங்குகிற தலைமடையில் மதகை அடைத்தால்தான் அங்கே தண்ணீர் ஏறும்.

கூட்டத்துக்கு ஆறு நாள் இருந்தபோது மலர்க்கொடி படங்களைப் போட்டு முடித்திருந்தாள். "இந்தத் தடவ எல்லாம் ஒரே அளவா இருக்கணும்" என்று துரைக்கண்ணு சொல்லியிருந்ததால், ஒவ்வொரு படத்தின் மூலையையும் சுட்டியால் பிடித்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஒன்றைச் சரிசெய்தால் பக்கத்தில் இருந்தது பெரிதாகத் தெரிந்தது. அதை இழுத்தால் இது மேலே ஏறியது. காலையில் உட்கார்ந்தவள், மதியம் ஆகப்போகிறது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

கனிமொழி பின்னால் வந்து நின்றாள்.

"அக்கா, ஒவ்வொண்ணா ஏன் இழுக்கிறீங்க? கொஞ்சம் நகருங்களேன், காட்டுறேன்."

மலர்க்கொடி நகர்ந்தாள். கனிமொழி உட்காரக்கூட இல்லை. குனிந்தபடியே கண்ட்ரோல் பொத்தானை அழுத்திக்கொண்டு பதினான்கு படங்களையும் வரிசையாகத் தொட்டாள். மேலே ஒரு பட்டியைத் திறந்தாள். உயரம் ஏழு, அகலம் பன்னிரண்டு என்று இரண்டு எண்களை அடித்தாள். அவ்வளவுதான். பதினான்கு படங்களும் ஒரே மூச்சில் ஒரே அளவாயின. இன்னும் இரண்டு அழுத்தலில் அவை பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றன.

"ஐயா, இங்க வந்து பாருங்க!" என்றாள் அவள்.

துரைக்கண்ணு வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "அடேயப்பா! ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டியே பாப்பா. இதுக்கா இத்தன வருஷம் பாடுபட்டோம்?" என்றார். கீழே டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு மூன்று டீ சொன்னார்.

மலர்க்கொடிக்கு டீ இறங்கவில்லை. 'பாடுபட்டோம்' என்கிறாரே, யார் பட்டது? முதுகு வலிக்க மூலையை இழுத்தது யார்? அந்தப் பெண் நின்றபடியே, ஒரு கையில் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே செய்துவிட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. கொஞ்சமாவது சிரமப்பட்டிருக்கக் கூடாதா?

எல்லோரும் சாப்பிடப் போனபிறகு அவள் அதைத் தானும் செய்துபார்த்தாள். கண்ட்ரோலை அழுத்தினாள், தொட்டாள். எதையோ தப்பாகத் தொட்டிருக்க வேண்டும், ஒரே ஒரு படம் மட்டும் வீங்கியது. அவசரமாகப் பழையபடி ஆக்கினாள். ஆக்கிவிட்டு நிமிர்ந்தபோதுதான் திரையில் இருந்ததை நிதானமாகப் பார்த்தாள்.

தலைமடை மேலப்புத்தூரின் கோடு பெட்டியின் மேல் விளிம்புவரை ஏறி நின்றது. கடைமடைக் கீழக்கொல்லையின் கோடும் அதே மாதிரி மேல் விளிம்புவரை ஏறி நின்றது. இரண்டு ஊரிலும் தண்ணீர் தளும்புவதுபோல் இருந்தது. ஆனால் ஓரத்தில் இருந்த எண்களைப் பார்த்தால், மேலப்புத்தூர் பெட்டி நூற்று நாற்பது சென்டிமீட்டர் வரைக்கும் போனது. கீழக்கொல்லைப் பெட்டி வெறும் இருபதோடு முடிந்தது. தண்ணீர் எவ்வளவு குறைவாக இருந்தாலும், எக்செல் அந்த அளவுக்கே பெட்டியைச் சுருக்கிக்கொண்டு கோட்டை உச்சிக்கு ஏற்றிவிடும்.

இது அவளுக்குப் பல வருடமாகத் தெரியும். அதனால்தான் அவள் படங்களைக் கதவும் தீப்பெட்டியுமாகப் போட்டாள். ஐந்து சென்டிமீட்டர் தண்ணீருக்கு எக்செல்லில் ஒரு வரி உயரம் என்று அவளாக ஒரு கணக்கு வைத்திருந்தாள். நூற்று நாற்பதுக்கு இருபத்தெட்டு வரி. இருபதுக்கு நாலே வரி. தண்ணீர் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்த்ததுமே தெரியும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

'ஒரே அளவாக்கு' என்று துரைக்கண்ணு சொன்னபோதே இதைச் சொல்லியிருக்கலாம். கோபத்தில் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம். கனிமொழி கைகழுவிவிட்டு ஈரக்கையோடு உள்ளே வந்தாள்.

"அக்கா, பிரிண்ட் போடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ பாத்துடுங்களேன். உங்களுக்குத்தான ஊரெல்லாம் தெரியும்."

அவள் நல்ல மனதோடுதான் கேட்டாள். அது மலர்க்கொடிக்குத் தெரிந்தது. தெரிந்ததால் இன்னும் எரிந்தது.

"பாத்தேன். நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அந்த ஆறு நாளும் மலர்க்கொடி ஒரு காட்சியைத் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டிப்பார்த்தாள். பொறியாளர் தாளைப் புரட்டுவார். இதென்ன முட்டாள்தனம், இருபதும் நூற்று நாற்பதும் ஒன்றா என்று கேட்பார். கனிமொழி விழிப்பாள். துரைக்கண்ணு திரும்பி, "மலரு, நீ சொல்லும்மா" என்பார். அந்தக் காட்சியில் கீழக்கொல்லை இல்லை, வேம்பு இல்லை. அவர்களை அவள் நினைக்கவே இல்லை.

கணவன் நெடுமாறன் ஒருநாள் காலையில் அவளிடம், "என்ன, தோசையத் திருப்பாம சிரிச்சிக்கிட்டு நிக்கிற?" என்றான். அவள் திடுக்கிட்டுத் தோசையைத் திருப்பினாள். கருகியிருந்தது.

கூட்டம் காலை பத்தரைக்கு. நீள மேசை, நாற்பது பேர். பொறியாளர் தாள்களை வாங்கிப் புரட்டினார். மலர்க்கொடி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பரவாயில்லையே, போன வருஷத்துக்கு இது எவ்வளவோ தேவலை. படிக்க சௌகரியமா இருக்கு" என்றார் அவர். பக்கங்களை மேலும் கீழுமாகப் பார்த்தார். "பதினாலு ஊர்லயும் நிலைமை கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியுது. அப்ப கடைமடைக்குத் தனியா மூணு நாள் தேவைப்படாது. அந்த நாளை நான் பக்கத்து வாய்க்காலுக்குக் கொடுத்துடறேன்."

எதிர்வரிசையில் இருந்த வேம்பு எழுந்துவிட்டாள்.

"ஐயா, என்ன சொல்றீங்க? எங்க வயல்ல தண்ணி கணுக்காலுக்குக் கூட வரல. கதிரு பாதி வெளிய, பாதி உள்ள நிக்குது. இப்ப தண்ணி இல்லன்னா எல்லாம் பதருதான்."

"நான் சொல்லலம்மா. உங்க சங்கம் கொடுத்த படம் சொல்லுது" என்று பொறியாளர் தாளைத் தூக்கிக் காட்டினார். குரலில் கோபமில்லை. "இதுல கீழக்கொல்லை எது? இதோ. நல்லா மேல ஏறித்தானே இருக்கு?"

வேம்புவுக்கு அந்தப் படத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. கோடு ஏறியிருப்பது மட்டும் தெரிந்தது. அவள் திரும்பி மலர்க்கொடியைப் பார்த்தாள். "மலரு, நான் தினம் அனுப்புனது பதினெட்டு, பத்தொம்பதுதானே? நீதானே ஏத்துவ? சொல்லேன்."

மலர்க்கொடி ஆறு நாளாக ஓட்டிப்பார்த்த காட்சியில் இது கிடையாது.

அதற்குள் கனிமொழி தாளை எடுத்து ஓரத்து எண்களைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தம் வற்றுவதை மலர்க்கொடி பக்கத்தில் இருந்து பார்த்தாள். இதற்காகத்தான் காத்திருந்தாள். கிடைத்ததும் வாய் கசந்தது.

கனிமொழி எழுந்து நின்றாள்.

"சார், படம் தப்பு. நான்தான் போட்டேன். எல்லாத்தையும் ஒரே சைஸ் ஆக்குனேனே தவிர, அளவுகோல் ஊருக்கு ஊர் வேற வேறயா இருக்கறத கவனிக்கல. கீழக்கொல்லை உச்சின்னா இருபது சென்டிமீட்டர். மேலப்புத்தூர் உச்சின்னா நூத்தி நாப்பது. அந்தம்மா சொல்றதுதான் சரி. அஞ்சு நிமிஷம் குடுங்க சார், சரியா காட்டிடறேன்."

அறையில் சலசலப்பு எழுந்தது. பொறியாளர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, "சரி, உக்காந்து செய்ங்க. தப்பை ஒத்துக்கிட்டீங்களே, அதுவே பெரிசு" என்றார்.

தப்பு செய்தும் பாராட்டு வாங்கிவிட்டாள். மலர்க்கொடி தன் நெஞ்சுக்குள் அந்தப் பழைய எரிச்சல் மறுபடி தலைதூக்குவதை உணர்ந்தாள். இப்போதுமா என்று தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. ஆனாலும் அது போகவில்லை.

கனிமொழி மடிக்கணினியைத் திறந்து, பதினான்கு படங்களின் உச்சியையும் நூற்று நாற்பது என்று ஆக்கினாள். அளவு அப்படியே இருந்தது. கோடுகள் மட்டும் இறங்கின. தலைமடைக் கோடு மேலேயே நின்றது. ஊர் ஊராகக் கோடு தாழ்ந்து, கடைசி மூன்று ஊர்களில் பெட்டியின் அடியில் எறும்பு ஊர்வதுபோல் கிடந்தது. சுவரில் அதைக் காட்டியபோது வேம்பு கூட, "ஆமா, இப்படித்தான்" என்றாள். மலர்க்கொடி வருடக்கணக்கில் வரி எண்ணிச் செய்ததை இந்தப் பெண் இன்னும் அழகாகச் செய்துவிட்டாள்.

பொறியாளர் மோவாயைத் தடவினார். "சரி. ஆனா எனக்கு இன்னொரு சந்தேகம். கடைமடைல வருஷா வருஷம் இப்படித்தானா, இல்ல இந்த வருஷம் மட்டுமா? இந்த வருஷம் மட்டும்னா நடுவுல எங்கயோ அடைப்பு இருக்கு, அத எடுத்தாப் போதும். மூணு நாள் தரவேண்டியதில்ல. போன வருஷப் படத்தப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. அது கன்னாபின்னான்னு இருந்துச்சு."

கனிமொழி துரைக்கண்ணுவைப் பார்த்தாள். அவர் கனிமொழியைப் பார்த்தார். ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் என்று அவருக்குத் தெரியும், ஆனால் பொறியாளருக்குக் காட்ட இருவரிடமும் ஆதாரம் இல்லை. அந்த அறையில் அது இருந்தது ஒரே ஒருத்தியிடம்தான். சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

வேம்பு இன்னும் உட்காரவில்லை.

மலர்க்கொடி எழுந்தாள். "அது கன்னாபின்னான்னு போட்டதில்ல சார்" என்றாள். "அஞ்சு சென்டிமீட்டருக்கு ஒரு வரின்னு கணக்கு வச்சு இழுத்தேன். தண்ணி எவ்வளவோ படம் அவ்வளவு உயரம். தீப்பெட்டின்னு சொன்னீங்களே, அதுதான் சார் கீழக்கொல்லை. நாலு வரி. அதுக்கு முந்தின வருஷம் மூணு வரி. எட்டு வருஷப் படம் என்கிட்ட இருக்கு. எல்லாத்துலயும் அது தீப்பெட்டிதான்."

பொறியாளர் உதவியாளரிடம் போன வருடக் கோப்பை எடுக்கச் சொன்னார். பழைய தாளையும் சுவரில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இத நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார் மெதுவாக.

துரைக்கண்ணு அவளைப் பார்த்தபடி இருந்தார். அவர் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

"அப்ப ஒரே அளவா ஆக்குனா தப்பாயிடும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா மலரு?"

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. அப்போது தோணலைங்கய்யா என்று சொல்லியிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

"தெரியும்ங்கய்யா" என்றாள்.

கடைமடைக்கு மூன்று நாள் கிடைத்தது. பொறியாளர் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்தபோது ஊர்க்காரர்கள் கனிமொழியைச் சூழ்ந்துகொண்டார்கள். வேம்பு நேராக மலர்க்கொடியிடம் வந்தாள்.

"தெரிஞ்சும் சும்மா இருந்தியா? நான் உனக்கு என்னடி செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யலக்கா."

"பின்ன?"

மீன் பையை வேறு மேசையில் வைத்தாய் என்று சொல்ல முடியுமா? மலர்க்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். வேம்பு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

அலுவலகத்துக்குத் திரும்பியபிறகு கனிமொழி தன் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் உங்களப் பாக்கச் சொன்னேனே. நல்லாத்தான் இருக்குன்னு சொன்னீங்களே."

"ஆமா."

"ஏன்?"

"உன்மேல பொறாமை" என்றாள் மலர்க்கொடி. சுற்றி வளைக்க அவளிடம் எதுவும் மிச்சமில்லை. "நீ ரெண்டு நிமிஷத்துல செஞ்ச. எனக்குத் தாங்கல. எல்லார் முன்னாடியும் நீ தலை குனியணும்னு இருந்தேன்."

கனிமொழியின் கண்களில் நீர் நிறைந்தது. "ஊரே பதராப் போயிருக்குமே" என்றாள். பிறகு எழுந்து தன் மேசைக்குப் போனாள். அன்றிலிருந்து அவள் மலர்க்கொடியை அக்கா என்று கூப்பிடவில்லை. "மேடம்" என்றாள். வேலையில் எந்தக் குறையும் வைக்கவில்லை. கேட்டதைச் சொல்லிக்கொடுத்தாள். பதினான்கு படங்களையும் எப்படி ஒன்றாகத் தேர்ந்தெடுப்பது, உச்சியை எப்படி ஒரே எண்ணில் நிறுத்துவது என்பதையெல்லாம் மலர்க்கொடி அவளிடம்தான் தெரிந்துகொண்டாள். ஆனால் பாடம் முடிந்ததும் அந்தப் பெண் நாற்காலியைத் திருப்பிக்கொண்டுவிடுவாள்.

தை மாதம் கடைமடைக்குத் தண்ணீர் வந்தது. மூன்றாம் நாள் காலை வேம்பு அனுப்பிய எண் நாற்பத்தொன்று. மாசியில் கீழக்கொல்லையில் அறுவடை முடிந்தது, விளைச்சல் சுமார்தான் என்றாலும் பதர் இல்லை. துரைக்கண்ணு மலர்க்கொடியைத் திட்டவும் இல்லை, வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. ஒருநாள் மட்டும், "நாலு பேர் சிரிச்சாங்கன்னு நான் உன்னக் கேக்காம விட்டதும் தப்புதான்" என்றார்.

ஆனியில் கனிமொழி திருச்சியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஜன்னலோர மேசை காலியானது. மலர்க்கொடி அங்கே மாறி உட்காரவில்லை.

குறுவைப் பயிருக்கான கூட்டத்தில் அதே பொறியாளர் தாள்களைப் புரட்டினார். எல்லாம் ஒரே அளவு, ஒரே உச்சி.

"நல்லாருக்கும்மா. நீங்க போட்டதா?"

ஆமாம் என்று சொன்னால் பொய் இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து அவள்தான் போட்டிருந்தாள். மலர்க்கொடிக்கு அந்த ஒரு சொல்லை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. திருச்சியில் இருக்கிற பெண்ணுக்கு இது தெரியப்போவதும் இல்லை.

"போட்டது நான்தான் சார். முறை கனிமொழியோடது" என்றாள். சொல்லும்போது உள்ளே சுருக்கென்று தைக்கத்தான் செய்தது. அந்த வலியோடே அடுத்த தாளை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.